மோசே மலைக்கு ஒரு மனு

மனு எழுதத் தெரியாதவன் ஏமாந்தா அதுல ஒரு ஞாயம் இருக்கு தம்பி. முப்பத்திநாலு வருசம் தாலுகா ஆபீஸ்ல மனுவுக்குள்ளயே கெடந்து ஹெட் கிளார்க்கா ரிட்டயர் ஆனவன் நான். நானே ஒரு மனுவக் குடுத்து வசமா மாட்டிக்கிட்டேன். இத யாருகிட்டப் போயிச் சொல்ல? ஊருல சொன்னா சிரிப்பாவ. கோயில்ல சொன்னா ஸ்தோத்திரம்பாவ. அதான் பஸ்ஸுல பக்கத்துல உக்காருதவங்ககிட்டச் சொல்லுதேன். நீங்க மதுரை வரைக்கும்தான? அப்ப நல்லதாப் போச்சு. சன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆகாது.

என் பேரு ஞானசிகாமணி. நாசரேத்துப் பக்கம். நம்ம ஜில்லா நாசரேத்து. அந்த நாசரேத்துக்கும் போயிட்டு வந்துட்டேன்னு வைங்க. எருசலேம் போயிட்டு வந்தவன் பேருக்குப் பின்னால ஜே.பி.ன்னு போட்டுக்கிடலாம், தெரியுமா? கன்வென்ஷன் போஸ்டர்ல பாத்திருப்பீங்க. எம்மவன் கல்யாணப் பத்திரிகையில நானும் போட்டேன். திரு. ஞானசிகாமணி ஜே.பி. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் குடுத்தது என்னன்னு பத்திரிகையில போட முடியாதுல்லா.

மொதல்ல இருந்தே சொல்லுதேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருசம் பிள்ளையில்ல. எம்பொஞ்சாதி ரெத்தினபாய் போகாத ஜெபக்கூட்டம் கெடையாது. நானும் கூடப் போயிப் பின்னால நிப்பேன். ஒரு வருசம் எங்க சேகரத்துல, அதான் சுத்துப்பட்டு ஊருக் கோயிலெல்லாம் சேந்த வட்டாரத்துல, பெரிய கன்வென்ஷன் போட்டாவ. கடைசி நாளு, சாட்சி சொல்லுதவங்க முன்னால வரலாம்னாவ. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல தம்பி, விறுவிறுன்னு போயி மைக்கப் புடிச்சேன். "ஆண்டவரே, எனக்கு ஒரு பிள்ளையக் குடும். முதப் பிள்ளைய உம்ம ஊழியத்துக்கே குடுத்திருதேன்"னு அழுதுக்கிட்டே சொல்லிட்டேன். நாலு பனையில ஸ்பீக்கர் கட்டியிருந்தாவ. மூணு ஊருக்குக் கேட்டுருக்கு.

அடுத்த வருசமே குடுத்தாரு. ஆனா பாருங்க, பொட்டப்பிள்ள.

இதுல என்ன தப்புன்னு கேக்கீயளா? தப்பு ஒண்ணும் இல்ல. எப்சிபான்னு நானே ஆசையாத்தான் பேரு வெச்சேன். ஆனா ஊழியம்னா ஆம்பளைக்குத்தான? வேதத்துல ஒரு அம்மா கோயில்ல அழுது கேட்டா, அவளும் ஆம்பளப் பிள்ளைதான கேட்டா? என் மனசுலயும் அதான் இருந்துச்சு. மனசுல இருக்கிறது ஆண்டவருக்குத் தெரியாதா? ரெத்தினபாய் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே, "சொன்னது சொன்னதுதானங்க"ன்னா. "பச்ச உடம்புக்காரி, பேசாமக் கெட"ன்னேன். ரெண்டு வருசம் கழிச்சு ஆம்பளப் பிள்ள பொறந்துச்சு. உடனே வேதத்துல அந்த அம்மா பெத்த பிள்ள பேரையே, சாமுவேல்னு வெச்சேன். அந்தப் பொருத்தனைய, நேர்ந்துக்கிட்டத, அவன் பேருல மாத்திக்கிட்டேன். பட்டா மாறுதல் மாதிரி. யாரும் ஆட்சேபணை பண்ணல.

சாம் நல்லாப் படிச்சான். அம்புட்டுப் படிச்ச பிள்ளைய எப்படி தம்பி ஊழியத்துக்கு விட? எங்க பக்கம் பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம். அந்த ஐயமாரு படுத பாட்டக் கிட்ட நின்னு பாத்தவன் நான், சேகர கமிட்டி செக்ரட்டரியா பன்னெண்டு வருசம். மூணு வருசத்துக்கு ஒரு ஊரு. கமிட்டியில எங்கள மாதிரி ஆளுககிட்ட வாங்கிக் கட்டிக்கிடணும். என் பிள்ளைக்கு அது எதுக்கு? மொதல்ல படிக்கட்டும், பெறகு பாப்போம்னேன். இன்ஜினியரிங் முடிச்சான். மொதல்ல ஒரு வேல கெடைக்கட்டும்னேன். பெங்களூருல வேல கெடச்சுது. மனுவ நிலுவையில வெச்சோம், தள்ளுபடி பண்ணல. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு.

எப்சி எங்களோடயே இருந்தா. ஊருல எலிமெண்டரி ஸ்கூல் டீச்சர். சண்டே ஸ்கூல் அவதான் நடத்துவா. வேத வசனப் போட்டின்னா டயோசிஸ் அளவுல, அத்தன கோயிலுக்கும் சேத்து, பரிசு. டிகிரி முடிச்ச கையோட ஒரு நாள் எங்கிட்ட வந்து நின்னா. "அப்பா, நான் வேதசாஸ்திரம் படிக்கப் போறேன். இப்பதான் பொம்பளைகளும் ஐயர் ஆகலாம்ல"ன்னா. நான் பேப்பர்ல இருந்து தலைய எடுக்கல. "நம்ம வீட்டுல ஊழியத்துக்கு ஆளு ஏற்கெனவே எழுதியாச்சு"ன்னேன். அவ்வளவுதான். அவளும் பெறகு அதப் பேசல, நானும் பேசல. கோவிச்சுக்கிட்டாளான்னா இல்ல. அன்னைக்கு ராத்திரி பிரஷர் மாத்திரைய எப்பவும் போல எடுத்து வெச்சா. மாப்ள பாத்தேன். "இப்ப வேண்டாம்ப்பா"ன்னா. மறுபடி பாத்தேன். மறுபடி இப்ப வேண்டாம். சரி, இருக்கட்டும், வீட்டுல ஒரு ஆளு இருந்தா நல்லதுதான்னு நானும் விட்டுட்டேன்.

தலைவலி சாம் கல்யாணத்துலதான் ஆரம்பிச்சுது. பாளையங்கோட்டையில நல்ல எடம். பொண்ணும் இன்ஜினியர். மூத்தவ இருக்க இளையவனுக்குப் பாக்கீயளேன்னு ரெண்டு பேரு கேட்டாவ, சமாளிச்சேன். எல்லாம் பேசி முடிக்கப்போற நேரம் பொண்ணோட அப்பா போன் பண்ணுதாரு. "அண்ணாச்சி, மாப்ள ஊழியத்துக்கு நேர்ந்து விட்ட பிள்ளையாமே? நேர்ந்து விட்டத நாங்க எப்படி எடுக்க? நாளைக்கு எம்மவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" அந்த ஸ்பீக்கர் சத்தம் இருபத்தெட்டு வருசம் கழிச்சு பாளையங்கோட்டையில போயிக் கேட்டுருக்கு. அடுத்து சாயர்புரத்துல ஒரு எடம். அவங்களும் அதே பேச்சு. அடுத்த மாசம் சாம் பைக்குல இருந்து விழுந்து கைய ஒடிச்சான். உடனே ஊரே சொல்லுது, பொருத்தனைய செலுத்தலல்லா, அதான்னு.

ஐயர்கிட்டப் போனேன். "ஐயா, நீங்களே ஒரு ஜெபம் பண்ணி இத ரத்து பண்ணிருங்க"ன்னேன். சின்ன வயசு ஐயர். என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. "அண்ணாச்சி, அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். நான் நடுவுல கையெழுத்துப் போட முடியாது"ன்னுட்டாரு. அவருக்கு அதிகாரம் இல்ல, சரி. அப்ப யாருக்கு இருக்கு? அத யோசிச்சேன். எந்த ஆபீஸ்ல உத்தரவு போட்டாங்களோ அந்த ஆபீஸ்லதான ரத்தும் பண்ணணும்? கட்டளையெல்லாம் எங்க குடுத்தாரு? சீனாய் மலையில, மோசே மலைன்னும் சொல்லுவாவ. அந்த வாரமே கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாவ, பரிசுத்த தேசப் பயணம், எகிப்து, மோசே மலை, எருசலேம், பத்து நாளு. இத விட என்ன வேணும்? நாலு பேருக்கும் பேரு குடுத்துட்டேன். சாமுக்கு லீவு இல்லன்னான். லாஸ் ஆப் பே போட்டுட்டு வாலேன்னேன்.

மனுவ நானே எழுதலாம். கை நடுங்குது. எப்சி கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு சனிக்கிழம மத்தியானம் சாப்பாட்டு மேசையில அவள உக்காத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். அனுப்புநர் போட்டாச்சு. பெறுநர்னு போட்டுட்டுத் திகைச்சுட்டோம். கொஞ்ச நேரம் யோசிச்சு, சர்வ வல்லமையுள்ள தேவன், முகாம் சீனாய் மலைன்னு போடச் சொன்னேன். எப்சி சிரிச்சுட்டா. "என்னப்பா, கலெக்டரு டூர்ல வந்த மாதிரி முகாம்னு போடுதீங்க"ன்னா. "எழுதுட்டி"ன்னேன். பொருள், பொருத்தனையில் இருந்து மகனை விடுவிக்கக் கோருதல் தொடர்பாக. பார்வை, எனது வாய்மொழிப் பொருத்தனை. அதுல வந்து நின்னா.

"அப்பா, பொருத்தனை வாசகத்த அப்படியே எழுதணும்ல? என்ன சொன்னீங்க?"

"முதப் பிள்ளைய ஊழியத்துக்குக் குடுக்கேன்னு."

பேனாவ வெச்சுட்டா. "முதப் பிள்ளைன்னா நாந்தானப்பா?"

"அது வேற விசயம். நீ எழுது."

"வாசகம் அப்படியே இருக்கணுமா, வேண்டாமாப்பா?"

இருக்கணும். மனுவுல பொய் எழுதினா மனு நிக்காது, அது எனக்குத் தெரியும். எழுதச் சொன்னேன். மத்தத அவளே எழுதினா. ரெண்டு காப்பி. கீழ நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். ரெத்தினபாய் பேனாவக் கையில வெச்சுக்கிட்டு மகளையே பாத்துக்கிட்டு இருந்தா. "போடுட்டி, நேரமாச்சு"ன்னேன். போட்டா.

எகிப்துல இறங்கி பிரமிடு பாத்தோம். ரெத்தினபாய் அண்ணாந்து பாத்துட்டு, "செத்தவனுக்கு இம்புட்டா"ன்னா. பெறகு கப்பல் போற பெரிய கால்வாய்க்கு அடியில சுரங்கத்துல பஸ்ஸுல அந்தப் பக்கம் போனோம். அங்கயிருந்து ஒரே பாலைவனம். எனக்கு அது ஒண்ணும் பெரிசாத் தெரியல, நம்ம தேரிக்காட்டுல பொறந்து வளந்தவன்தான? செவப்பு மணலுக்குப் பதிலா கல்லு. ஆனா நம்ம தேரியில ஒரு பனையாவது நிக்கும், ஒரு மயிலாவது கத்தும். அங்க ஒண்ணும் கெடையாது. மணிக்கணக்கா மொட்ட மலை. டூர் கூட்டிட்டு வந்த பாஸ்டரு மெட்ராஸ்காரரு, மைக்க எடுத்து, "இங்கதான் மோசேயோட ஜனங்க நாப்பது வருசம் நடந்தாங்க"ன்னாரு. பஸ்ஸுல எல்லாரும் அல்லேலூயான்னாவ. எனக்கு சட்டைப் பையில மனு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கிறதுதான் வேல. எப்சி மட்டும் சன்னல்ல முகத்த ஒட்டி வெச்சுக்கிட்டு வந்தா. "என்னட்டி பாக்க?"ன்னேன். "ஒண்ணுமே இல்லப்பா, அதான் பாக்கேன்"ன்னா. பிள்ளைக்கு வெயில் ஏறிட்டுன்னு நெனச்சேன்.

மலை அடிவாரத்துல ஒரு மடம். ஆயிரத்தஞ்ஞூறு வருசத்து மடமாம், கோட்ட மாதிரி சுவரு. உள்ள ஒரு செடியக் காட்டுனாவ, ஆண்டவரு மோசேகிட்ட செருப்பக் கழத்துன்னு சொன்னாரே, எரிஞ்சும் எரியாம நின்ன அந்த முள்செடி அதுதான்னு. சுவருக்கு மேல இருந்து கொடி மாதிரி தொங்குது. எல்லாரும் இல பறிக்க எம்புதாவ. எப்சி பறிக்கல. செருப்பக் கழத்திக் கையில வெச்சுக்கிட்டு அந்தக் குளிர்ந்த கல்லுல நின்னா. காவலுக்கு நின்ன துறவி வந்து, செருப்பு போட்டுக்கிடலாம்னு சைகை காட்டுனாரு. இல்லன்னு தலையாட்டுதா. நான் வாட்ச்சப் பாத்துக்கிட்டு இருந்தேன். மலையேற நேரமாச்சுல்லா.

எங்க குரூப்புல வயசானவங்க இருந்ததால மத்தியானமே ஏறினோம். சூரியன் அடையக்குள்ள உச்சிக்குப் போயிட்டுத் திரும்பிரணும். சாம் வரல. பெங்களூருல இருந்து ஆபீஸ் மீட்டிங்காம். ஓட்டல் வாசல்லதான் சிக்னல் கெடைக்குதுன்னு நாற்காலியப் போட்டு உக்காந்துட்டான். "லேய், உனக்காகத்தாம்ல மலையேறுதேன்"ன்னேன். "நீங்க குடுத்தாப் போதாதாப்பா? நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேன்ல"ன்னான்.

ஒட்டகத்துல ஏறினேன். ஏறினது தப்பு. அது எந்திரிக்கும்போது முன்னால தள்ளுது, பின்னால தள்ளுது, இடுப்பு போச்சு. ஒரு எடத்துல ஒட்டகம் நின்னுருது. அதுக்கு மேல எழுநூத்தி அம்பது படி, நடந்துதான் ஏறணும். இறங்கிக் கால ஊணுதேன், முட்டி மடங்க மாட்டேங்குது. மூச்சு வாங்குது. நாலு படி ஏறினேன், நெஞ்சு படபடன்னு அடிக்குது. வழிகாட்டி வந்து என் கையப் புடிச்சுப் பாத்துட்டு வேண்டாம்னுட்டான்.

அம்புட்டுத் தூரம் போயி, ஆபீஸ் வாசல்ல நிக்கேன் தம்பி. உள்ள போக முடியல. அந்த மாதிரி எத்தனை பேர நான் வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கேன், சாப்பாட்டு நேரம், நாளைக்கு வான்னு. அது அப்ப ஞாபகம் வந்துச்சு. வேற யோசனை ஓடல. மனுவ எடுத்து எப்சி கையில குடுத்தேன். "மேல போயி சத்தமா வாசி. வாசிச்சுட்டு ஒரு கல்லுக்கு அடியில வெச்சுட்டு வா. காப்பியக் கொண்டு வந்துரு"ன்னேன்.

"நானா வாசிக்கணும்?"ன்னா.

"வேற ஆளு யாரு இருக்கா?"ன்னேன்.

இத நான்தான் சொன்னேன். என் வாயாலதான்.

ரெத்தினபாய்க்கும் முட்டு வலி, சுகரு. நீ இங்கயே இருன்னேன். அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, மக கையப் புடிச்சுக்கிட்டு ஏற ஆரம்பிச்சுட்டா. ஏறுதா, நிக்கா, ஏறுதா. நான் கல்லுல உக்காந்திருந்தேன். ஒட்டகக்காரரு வயசானவரு, ஒரு கண்ணாடித் தம்ளர்ல இனிப்பு டீ குடுத்தாரு. அவரு பாஷை எனக்குத் தெரியல, என் பாஷை அவருக்குத் தெரியல. படியில ரெண்டு புள்ளியா போயிக்கிட்டு இருக்காளுவ. திடீர்னு எனக்கு அவளத் திருப்பிக் கூப்பிடணும்னு தோணிட்டு. எதுக்குன்னு தெரியல. எந்திரிச்சு "எப்சி, ஏ எப்சி"ன்னு கூப்பிட்டேன். காத்து என் மூஞ்சிக்கே திருப்பி அடிச்சுது. அவ திரும்பல. ஒட்டகக்காரரு என் தோள அமுக்கி உக்கார வெச்சாரு.

ரெண்டு மணி நேரம் இருக்கும். இறங்கி வந்தா. வந்ததும் என் காலடியில உக்காந்து முட்டியத் தேச்சு விடுதா. "மனு?"ன்னேன். "குடுத்துட்டேன்ப்பா. தம்பிக்கு இனி ஒண்ணும் இல்ல"ன்னா. காப்பியையும் பத்திரமா மடிச்சுக் குடுத்தா. எனக்கு வந்த சந்தோசத்தச் சொல்லி முடியாது. ஒட்டகத்துல இறங்கி வரும்போது சத்தமாப் பாட்டே பாடினேன். இடுப்பு வலியே தெரியல.

ஓட்டல்ல சாப்பிட உக்காந்ததும் ரெத்தினபாய் சொன்னா. மேல ஒரு சின்னக் கோயில் இருக்காம். பாஸ்டரு ஒரு பாட்டுப் பாடி, யாருக்காவது ஆண்டவர்கிட்டச் சொல்ல வேண்டியது இருந்தாச் சொல்லுங்கன்னாராம். இவ மனுவ விரிச்சு வாசிச்சாளாம். காத்துல தாளு படபடங்குதாம், இவ அம்மா ஒரு பக்கத்தப் புடிச்சுக்கிட்டாளாம். முதப் பிள்ளையை ஊழியத்துக்குத் தருவதாகன்னு வந்ததும் வாசிக்கிறத நிப்பாட்டிட்டு, "எங்கப்பா சொன்ன அந்த முதப் பிள்ள நான்தான். நான் வந்துட்டேன். என் தம்பிய விட்டுருங்க"ன்னு சொல்லிட்டாளாம். கூட ஏறின நாப்பது பேரும் அழுதாவளாம். பாஸ்டரு இவ தலையில கைய வெச்சு ஜெபம் பண்ணிட்டாராம்.

எனக்குக் கையில இருந்த ரொட்டி அப்படியே நிக்குது. "நீ பாத்துக்கிட்டா இருந்த?"ன்னு ரெத்தினபாய்கிட்டக் கத்தினேன். அவ மெதுவாச் சொல்லுதா, "இருபத்தேழு வருசமா அவள நீங்க முதப் பிள்ளன்னு ஒரு தடவ கூடச் சொன்னதில்ல. அவளே சொல்லிக்கிட்டா. நான் என்ன செய்ய?" சாம் போன்ல இருந்து தலைய நிமித்தி, "அப்ப நான் ஃப்ரீயா?"ன்னான்.

மறுநாள் காலையில பாஸ்டரப் புடிச்சேன். "ஐயா, நேத்து நடந்தத ரத்து பண்ண முடியுமா? அவ கொழந்தத்தனமா ஏதோ சொல்லிட்டா." அவரு சிரிச்சாரு. "சகோதரரே, நீங்களே கையெழுத்துப் போட்ட மனுதான? கேட்டது கெடச்சிருச்சே"ன்னாரு.  திரும்பி மேல போவோமான்னா பஸ் கெளம்பிட்டு. பின்சீட்டுக் கண்ணாடி வழியா மலை மறையுத வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். "திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க, வேதத்துல திரும்பிப் பாத்த பொம்பள மாதிரி உப்புத்தூணாப் போயிருவீங்க"ன்னா ரெத்தினபாய். கல்யாணமாகி இத்தன வருசத்துல அவ என்னையக் கேலி பண்ணி அன்னைக்குத்தான் பாத்தேன். எருசலேம், பெத்லகேம், யோர்தான் எல்லாம் பாத்தோம். எனக்கு ஒண்ணும் மனசுல நிக்கல.

ஊருக்கு வந்து ஒரு மாசத்துக்குள்ள பாளையங்கோட்டைக்காரரு அவரே வந்து நிக்காரு, பொருத்தனைய செலுத்திட்டீங்களாமேன்னு. சாம் கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. எப்சி அதுக்கு முன்னாலயே ஜூன் மாசம் மதுரையில வேதசாஸ்திரக் காலேஜ்ல சேந்துட்டா. சேகர கமிட்டி சிபாரிசுக் கடிதம் வேணும்ல? செக்ரட்டரி யாரு? நான்தான். நான் போட மாட்டேன்னு ரெண்டு வாரம் இழுத்தடிச்சேன். சபைக்கு முன்னாலயே கமிட்டி கூடி, பெத்த பிள்ளையவே குடுத்த மனுசன், கூச்சப்படுதாருன்னு அவங்களே நெனச்சுக்கிட்டு எனக்கு ஒரு பொன்னாடையப் போத்தி, பேனாவக் கையில குடுத்துட்டாவ. நூறு பேரு கை தட்டும்போது எப்படித் தம்பி முடியாதுன்னு சொல்ல?

இப்ப வீட்டுல சத்தமே இல்ல. நான் மகனக் காப்பாத்தணும்னு அம்புட்டுத் தூரம் போனேன். அந்த மகன் பெங்களூருல இருந்து ஞாயித்துக்கிழம ஒரு போன் பண்ணுதான். சாப்டீங்களா, உடம்பு எப்படி, சரி வெச்சிருதேன். காலையில மாத்திரை எதுன்னு எனக்குத் தெரியல. டப்பாவத் தெறந்து வெச்சுக்கிட்டு நின்னுருதேன். எனக்கு அவ வேணும் தம்பி. வேற ஒண்ணும் இல்ல, எம்பிள்ள எனக்கு வேணும். இத வெளிய சொல்ல முடியுமா? ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கான் பாருன்னு ஊருல காறித் துப்புவாவ.

அதான் மதுரைக்குப் போயிக் கூட்டிட்டு வந்துரலாம்னு கெளம்பினேன். இப்ப இது நாலாவது தடவை. முத தடவை காலேஜ் கேட்டுக்கே ஓடி வந்தா. கூடப் படிக்கிற பிள்ளைக ஏழெட்டுப் பேரு. "இவங்கதான் எங்கப்பா. இவங்கதான் என்னைய ஊழியத்துக்குக் குடுத்தது"ன்னா. எல்லாப் பிள்ளைகளும் கும்பிடுது. கேன்டீன்ல டீ வாங்கிக் குடுத்தா. நல்லா இருக்கியாம்மான்னு கேட்டுட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை நேரா பிரின்சிபால் ரூமுக்கே போயிட்டேன், எம்மவள அனுப்பிருங்கன்னு கேக்கத்தான். வாயத் தெறக்குமுன்ன அவரு எந்திரிச்சு ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. "உங்கள மாதிரி தகப்பன் இப்ப எங்க இருக்காங்க?"ன்னாரு. மூணாவது தடவை சேப்பல்ல ஆராதனை. என்னைய எந்திரிச்சு நிக்கச் சொல்லிட்டாவ. நின்னேன். இது பொய்யின்னு கத்தணும்னு இருந்துச்சு. எப்சி முன்வரிசையில திரும்பி என்னையப் பாத்துச் சிரிக்கா. சின்னப் பிள்ளையில வசனப் போட்டியில பரிசு வாங்கிட்டு மேடையில நின்னு என்னையத் தேடுவா, நான் எந்த வருசமும் போனதில்ல. அவ அம்மா சொல்லுவா, உங்களத் தேடிச்சு பிள்ளன்னு. அந்தப் பார்வதான் போல.

ஆராதனை முடிஞ்சதும் வயசான வாத்தியார் ஒருத்தரு கம்ப ஊணிக்கிட்டே எங்கிட்ட வந்தாரு. மத்தவங்க மாதிரி கையப் புடிக்கல, பாராட்டல. பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "முதப் பிள்ளையவா குடுத்தீங்க? வலிக்கலையா?"ன்னு கேட்டாரு.

ஒருத்தரும் என்கிட்ட அதக் கேட்டதில்ல தம்பி. பொண்டாட்டி கேக்கல, ஐயர் கேக்கல.  "வலிக்குது ஐயா. எனக்கு முதப் பிள்ள அவதான்"ன்னு அழுதுட்டேன். எப்சி பின்னால வந்து நிக்கிறது எனக்குத் தெரியாது. கேட்டுட்டா. என் தோள்ல கைய வெச்சா. 

பஸ்ஸுல திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைச்சுது. அம்புட்டு வருசம் நான் எதச் சொல்லாமத் தட்டிக் கழிச்சேனோ அத சாட்சிக்கு ஆளு வெச்சுக்கிட்டு என் வாயாலயே ஒப்புக்கிட்டேன். முதப் பிள்ள அவதான்னா, பெறகு என் கேஸுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. எந்த ஆபீஸுக்குப் போனாலும் தள்ளுபடிதான்.

அப்ப இன்னைக்கு எதுக்குப் போறீங்கன்னு கேக்கீயளா? கூட்டிட்டு வரத்தான் போறேன். வீட்டுல அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். ரெத்தினபாய் சரின்னு சொல்லிட்டு, அவளுக்குக் கொண்டு போயிக் குடுங்கன்னு புது போர்வையும் ரெண்டு மாசத்துக்கு முறுக்கும் கட்டிக் குடுத்தா. அன்னா மேல இருக்கு பாருங்க, அந்தப் பைதான். இறங்கும்போது கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி, எனக்குக் கை எட்டாது.